இங்கே எழுத்துகள் வரும்

என் மருமகள் பல்கலைக்கழகத்தில் வரைகலை வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறாள். போஸ்டர், புத்தக அட்டை, பெயர்ப்பலகை, மருந்துப் பெட்டி, இதையெல்லாம் எப்படிச் செய்வது என்கிற படிப்பு. கல்யாணமான புதிதில் யாராவது அவள் வேலையைக் கேட்டால் "டிராயிங் டீச்சர்" என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"டிராயிங் இல்ல அத்தை, டிசைன்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"டிராயிங் பிடிக்கலைன்னா மூஞ்சியத் திருப்பிக்கலாம். டிசைன் சரியில்லைன்னா தப்பான பஸ்ல ஏறிடுவீங்க."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. அப்புறம் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஏதோ நானே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி.

அவள் துறைக்கு ஒரு தலைவர் இருக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் காற்றோட்டம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "காத்து பத்தலை" என்பாராம். தாளில் எழுத்தும் படமும் குறைவாக இருக்க வேண்டும், வெள்ளை இடம் நிறைய இருக்க வேண்டும், அதுதான் காற்று. ஆள் ஒல்லி, சட்டையில் பொத்தான்கூட வெளியே தெரியாது. என் மகன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "இவர் வீட்டுல நாற்காலி இருக்குமா, இல்ல அதுவும் காத்துதானா?" என்று கேட்டான்.

அந்தத் துறையில் ஒரு சுவர் உண்டு. வகுப்பறையின் ஒரு பக்கம் முழுக்கக் குண்டூசி குத்துகிற பலகை அடித்த சுவர். வெள்ளிக்கிழமையானால் பிள்ளைகள் செய்ததை எல்லாம் அதில் குத்தி வைக்க வேண்டும். காற்றோட்டம் எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. சில தாளைத் தலைகீழாகத் திருப்பிக் குத்துவார். தலைகீழாகவும் அழகாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் தாளை உருவிக் கீழே விட்டுவிடுவார், காலடியில் கிடக்கும். தலைகீழாக வைத்தால் எப்படிப் படிப்பது என்று நான் கேட்டேன். மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அங்க யாரும் படிக்கிறதில்ல அத்தை. பாக்கிறதுதான்."

அது நிஜம்தான் என்று நானே ஒருநாள் தெரிந்துகொண்டேன். வருடக் கடைசியில் பிள்ளைகளின் வேலையைக் காட்சிக்கு வைப்பார்கள், குடும்பத்தோடு போயிருந்தோம். இறுதி வருடப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வேலைதான் கொடுப்பார்களாம்: இல்லாத ஒரு காப்பிக் கடைக்கு லோகோ, கோப்பை, பை, விலைப்பட்டியல். ஒரு பெண் தன் விலைப்பட்டியல் பக்கத்தில் பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியை மூக்கில் தள்ளி எட்டிப் பார்த்தேன். வரிக்கு வரி "இங்கே எழுத்துகள் வரும். இங்கே எழுத்துகள் வரும்" என்று போட்டிருந்தது.

"காப்பி என்ன விலைம்மா?" என்றேன்.

"ஆன்ட்டி, அது டம்மி."

"விலையா?"

"எழுத்து. நிஜ வாசகம் வர்ற வரைக்கும் பக்கம் எப்படி இருக்கும்னு பாக்க ஊத்தி வைக்கிறது."

"நிஜ வாசகம் எப்ப வரும்?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வராது ஆன்ட்டி. கடையே டம்மிதானே."

அவளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. நான்தான் சும்மா இருக்காமல், "பதக்கமாவது நிஜமா?" என்று கேட்டு மகனிடம் திட்டு வாங்கினேன்.

இதெல்லாம் அப்போது வேடிக்கையாக இருந்தது. என் வலது கண்ணில் புரை எடுக்கப் போனபோதுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது.

பெரிய ஆஸ்பத்திரி. புதிதாகக் கட்டிய கட்டடம், பால் மாதிரி வெள்ளைச் சுவர்கள். ஆபரேஷன் முடிந்து அடுத்த வாரம் காட்டப் போயிருந்தோம். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள், எல்லாம் பனிமூட்டம். மருமகள் மருந்து வாங்க வரிசையில் நின்றாள். எனக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டும். வயசான உடம்பு, அவசரம் என்றால் அவசரம்தான், அதற்கு வரிசை தெரியாது. நடந்தேன். சுவரில் ஏதோ சாம்பல் நிறத்தில் மெல்லிசாக எழுதியிருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி. பக்கத்தில் ஒரு படம்: ஒரு வட்டம், கீழே ஒரு கோடு. அது ஆணா, பெண்ணா, குண்டூசியா என்று தெரியவில்லை. ஒரு கதவைத் திறந்தேன், யாரோ மூன்று பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றைத் திறந்தேன், துடைப்பம் விழுந்தது. கடைசியில் காவலாளி வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"அம்மா, இதைப் பாக்கலையா?" என்று ஒரு தாளைக் காட்டினார். அவரே எழுதி டேப் போட்டு ஒட்டியது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. அந்த மூட்டத்திலும் எனக்குப் படிக்க முடிந்தது. 'கழிப்பறை இங்கு இல்லை. நேராகப் போய் இடது. தயவுசெய்து என்னைக் கேட்க வேண்டாம்.'

"கேக்க வேண்டாம்னு எழுதியும் கேக்கறாங்கம்மா. நாள் பூரா. ஒரு வாய் டீ ஆறிப்போகாம குடிச்சதில்ல."

நான் திரும்பி வரும்போது மருமகள் அந்தக் குண்டூசிப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், கையில் மருந்துப் பையோடு. கூப்பிட்டேன், காதில் விழவில்லை. தோளைத் தொட்டதும் சொன்னாள்.

"இது எங்க டிபார்ட்மென்ட் வேலை அத்தை. என் ஸ்டூடன்ட் பண்ணினது. சுவத்துல முதல் இடம். நான்தான் மார்க் போட்டேன்."

"நல்லாத்தான் இருக்கும்மா," என்றேன். என்ன சொல்வது?

"நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை. இத்தனை வருஷம் சுவத்துல மாட்டி நின்ன இடத்துலருந்து பாத்திருக்கோம். அவசரத்துல தேடிக்கிட்டு வர்றவங்க கண்ணால ஒரு நாள்கூட பாக்கல."

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு ஒரு வெறி. படிப்பையே மாற்ற வேண்டும் என்றாள். இல்லாத கடைக்கு லோகோ வேண்டாம். பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்க ஒரு ஆஸ்பத்திரியிலோ, பஸ் நிலையத்திலோ, வரி கட்டுகிற அலுவலகத்திலோ போய் நிற்கட்டும். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கட்டும். அதற்கு எழுதட்டும், ஒட்டட்டும், திரும்பவும் நின்று பார்க்கட்டும். தடுமாறுகிறவர்கள் குறைந்தால் மார்க், இல்லையென்றால் இல்லை. சுவர் வேண்டவே வேண்டாம்.

பாடத்திட்டத்தில் இல்லாததால் முதலில் சனிக்கிழமைகளில் தன் சொந்த நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப்போனாள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "மேடம், இதை போர்ட்ஃபோலியோல எப்படிப் போடறது?" என்று ஒருத்தி அழாத குறையாகக் கேட்டாளாம். இவள் விடுவாளா? என் பழைய கண்ணாடியை வாங்கிப்போய் அதில் எண்ணெய் தடவி அவள் மூக்கில் மாட்டி, "ரத்தப் பரிசோதனை எங்கன்னு கண்டுபிடிச்சுட்டு வா" என்று அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் வெகுநேரம் கழித்துப் பிரசவ வார்டிலிருந்து திரும்பி வந்தது. வேறு யாரும் அதற்குப் பிறகு போர்ட்ஃபோலியோ பற்றிப் பேசவில்லை.

மருமகள் அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து சொன்ன கதைகளை எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். மேல்நோக்கி அம்புக்குறி போட்டார்களாம், 'நேராகப் போ' என்று நினைத்து. பாதிப் பேர் மாடிப்படி ஏறிவிட்டார்கள். நடக்க முடியாத ஒரு பெரியவர் இரண்டு மாடி ஏறிப்போய் உட்கார்ந்து திட்டினாராம். அம்பைச் சாய்த்துப் பார்த்தார்கள், எடுத்துவிட்டு 'பச்சைக் கதவு' என்று எழுதிப் பார்த்தார்கள். கதவுக்குப் பச்சை அடித்தார்கள். சாதாரணத் தாள், தடித்த பேனா, டேப். ஒரு சனிக்கிழமை காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாராம். குடித்துவிட்டு, "மேடம், ரொம்ப போரடிக்குது" என்றாராம். என் மருமகள் அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பதக்கம் வாங்கின பெண்ணின் முகத்தில்கூட நான் அதைப் பார்க்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பல்கலைக்கழகமே, "எல்லாத் துறையும் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று சொன்னது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தோம். பாடத்திட்டம் அடிக்கடி மாறுவதில்லை. இப்போது விட்டால் அடுத்த முறை மாற்றும்போது இவள் ஓய்வு பெற்றிருப்பாள். அதனால் இது ஒன்றுதான் வாய்ப்பு. காற்றோட்டத்திடம் பயந்துகொண்டே போய்ச் சொன்னாள். அவர் கைதட்டினாராம்.

"பிரமாதம் மேடம்! மறுசிந்தனை! இதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க எழுதிக் குடுங்க. பாடத்திட்டப் புத்தகத்தை நானே லேஅவுட் பண்றேன்."

எழுதினாள். சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள். நாங்கள் இரண்டு மாதம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கொண்டுபோய்க் கொடுத்தால், "இவ்வளவு எழுத்தா? பக்கத்துக்கு மூச்சு முட்டுது" என்று திருப்பிவிட்டார். வெட்டினாள். மறுபடியும் "காத்து பத்தலை." மறுபடியும் வெட்டினாள். அந்த ஆஸ்பத்திரிக் கதை போனது, எண்ணெய்க் கண்ணாடி போனது, அம்புக்குறி போனது. கடைசியில் இரண்டே பக்கம் மிஞ்சியது. "எலும்புதான் அத்தை மிச்சம்," என்றாள். "ஆனா முதுகெலும்பு இருக்கு."

அச்சுக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு நகல் வந்தது, பார்த்துக் கையெழுத்துப் போட. ஒரு மாலை நேரம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் இரண்டு பக்கத்தையும் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். பின்பக்கமாகவே நடந்து வாசல்வரை போனாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள்.

"அந்த மனுஷனுக்குக் கண்ணு இருக்கு அத்தை, ஒத்துக்கணும். ஓரத்துல எவ்வளவு இடம் விட்டிருக்கார் பாருங்க. எழுத்து எங்கயும் குண்டும் குழியுமா இல்லாம ஒரே சீரா இருக்கு."

"படிச்சியாம்மா?"

"பாத்துட்டேன் அத்தை."

கையெழுத்துப் போட்டாள். எனக்கு ஒரு கண் பழசு, ஒரு கண் புதுசு, இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணாடி இன்னும் வரவில்லை, வெங்காயம் வேறு. அந்தப் பக்கம் எனக்குச் சாம்பல் நிறத்தில் இரண்டு கட்டமாகத்தான் தெரிந்தது. அழகான கட்டம்தான்.

பாடத்திட்டக் குழுக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்திருந்தார்களாம். புத்தகத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள், முகர்ந்துகூடப் பார்த்தார்கள். மருமகளின் பக்கம் வந்ததும் ஒருவர், "இந்தப் பக்கம் பேசுது" என்றாராம். ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை. நிறைவேறிவிட்டது. இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். என் மகன், "சண்டை போடுவாங்கன்னு பாத்தா இப்படிச் சப்புன்னு முடிஞ்சிடுச்சே" என்றான். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். தாய்மாமனே பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட ஒரு குறை சொல்வார்கள். நாற்பது வருடமாக நடந்த ஒரு படிப்பைத் தலைகீழாக மாற்றுகிறாள், ஒரு கேள்விகூட வரவில்லையே!

புது வருட வகுப்பு தொடங்குகிற வாரம். பிள்ளைகள் வந்து நிற்க அனுமதி தர வேண்டும் என்றால், ஒப்புதலான பாடத்திட்டப் பக்கத்தின் பிரதி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அன்று அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புத்தகத்தை விரித்து என் மடியில் வைத்தாள்.

"அத்தை, கண்ணாடி வந்துடுச்சுல்ல? படிங்க. சத்தமாப் படிங்க."

தலைப்பு அவள் வைத்த தலைப்புதான். அதற்குக் கீழே படித்தேன். "இங்கே எழுத்துகள் வரும். இங்கே எழுத்துகள் வரும். இங்கே எழுத்துகள் வரும்." ஏதோ முன்னுரை என்று நினைத்து மேலே படித்துக்கொண்டே போனேன். பாதிப் பக்கம் வரை நிறுத்தவில்லை. என் மகன் சிரித்துவிட்டான், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"அடுத்த பக்கம்?" என்றேன்.

"அதுவும் அதேதான்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழி உடைந்ததே யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் தாழியின் வடிவத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காற்றோட்டத்தின் அறைக்குப் போனாள். நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொன்னாள்.

"நான் குடுத்தது எங்க சார்?"

"உங்க வாசகத்தை ஊத்திப் பாத்தேன் மேடம். ரெண்டு வரி கீழ வழிஞ்சுடுச்சு. உங்ககிட்ட குறைக்கச் சொல்லலாம்னு டம்மியைத் திரும்ப வெச்சேன்."

"சொல்லலையே."

"பக்கம் நல்லா இருந்துச்சு," என்றாராம். பொய்கூடச் சொல்லவில்லை மனுஷன். "நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்க."

அவர் மேலே பழியைப் போட ஒரு விரலை நீட்டினால், மிச்ச விரல் எல்லாம் இவளைப் பார்க்கிறது. படிக்காமல் பார்க்கிறவர்களை மாற்றப் புறப்பட்டவள், தன் பக்கத்தையே படிக்காமல் பார்த்திருக்கிறாள். அந்தச் சுவர் இவள் கண்ணுக்குள்ளேயும் இருந்திருக்கிறது.

"திருத்தம் போட்டுடலாம் சார்."

"குழு நிறைவேத்தினதை நான் எப்படி மேடம் மாத்தறது? அடுத்த தடவை பாக்கலாம். இந்தத் தடவை அங்க என்ன வேணா வரலாம்னுதானே இருக்கு? வழக்கமானதைப் போட்டுக்குங்க. காப்பிக் கடை."

"பேசுது" என்று சொன்ன நிபுணருக்கு ஃபோன் போட்டாள். அவர், "அப்படியா? நான் அதை ஒரு தத்துவம்னு நினைச்சேன்" என்றாராம்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வருவதும் நின்றுபோனது. மார்க் இல்லாத வேலைக்கு யார் வருவார்கள்? அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிரசவ வார்டுக்குப் போய்வந்த அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாளாம்: "சாரி மேடம், வெள்ளிக்கிழமை சுவருக்கு நிறைய பண்ண வேண்டியிருக்கு." இந்த வருடம் சுவரில் முதல் இடம் அவளுக்குத்தான். அதைப் பார்த்து மார்க் போட வேண்டியது என் மருமகளின் வேலை. போட்டாள்.

இடையில் காற்றோட்டத்தை எங்கெங்கோ கூப்பிட்டார்கள், 'வடிவமைப்புக் கல்வி: ஒரு மறுசிந்தனை' என்று பேச. அந்த இரண்டு பக்கத்தைத்தான் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினாராம். நல்ல கைதட்டல் கிடைத்ததாம்.

போன வாரம் என் இடது கண்ணுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதே ஆஸ்பத்திரி. உள்ளே போனதும் மருமகள் நின்றுவிட்டாள். பிள்ளைகள் ஒட்டிய தாள்கள் ஒன்றுகூட இல்லை. பச்சைக் கதவுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். காவலாளியின் கட்டைவிரல் எழுத்தும் போய்விட்டது. சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று நிர்வாகம் எல்லாவற்றையும் கிழித்துவிட்டுப் புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறதாம். முன்னைவிட மெல்லிசாக, முன்னைவிட வெளிறி. யார் செய்த வேலை என்று நான் கேட்கவில்லை.

காவலாளி நின்றுகொண்டிருந்தார். டீ ஜன்னல் விளிம்பில் ஆறிக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம். பிள்ளைங்க எங்க?"

"வரமாட்டாங்கண்ணே. காப்பிக் கடை வெச்சிருக்காங்க."

"அட, எல்லாருமா? வியாபாரம் எப்படி?"

"கடையே இல்லண்ணே."

அவருக்குப் புரியவில்லை. அதற்குள் ஒரு பெரியவர் வந்து அவரிடம் ஏதோ கேட்டார், பின்னாலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா. மருமகள் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். நேரே போய் இரண்டு நடைபாதை பிரிகிற இடத்தில் நின்று கையை நீட்டினாள்.

"நீங்க உக்காந்து டீயைக் குடிங்கண்ணே."

என் இடது கண்ணில் மருந்து விட்டுவிட்டார்கள். நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இந்தக் கண்ணால் மட்டும் பார்த்தேன். மூட்டத்தில் அவள் முகம் தெரியவில்லை, நீல நிறச் சட்டைக் கை மட்டும் நீண்டு தெரிந்தது. "கழிப்பறை இடது பக்கம். இல்லம்மா, மாடி ஏற வேண்டாம். ரத்தப் பரிசோதனையா? அப்படியே நேரா." வந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள், திரும்பினார்கள், போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை.

"கை வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"இதுக்கு யாரும் காத்து பத்தலைன்னு சொல்லமாட்டாங்க அத்தை," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. சிரிக்கிறாளா என்று பார்க்க எழுந்து பக்கத்தில் போனேன்.

அப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போர்டை மறைக்கறீங்க."

அவள் கையை இறக்கினாள். தள்ளி நின்றாள். மருந்து விடாத கண்ணால் அவள் நின்ற இடத்தில் அந்தப் போர்டைத் தேடினேன். அந்தக் கண் இப்போது எனக்கு ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்குத் தெரியும். வெள்ளைச் சுவர்தான் இருந்தது. காற்றுக்கு மட்டும் குறைவில்லை.